சிணுங்கியின் இடது முன்னங்கால்

மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். என் குதிரையை ஏற்றி அனுப்பிய லாரி பத்திரமாக வந்து சேர்ந்தது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். "வந்துடுச்சு. இறக்கிட்டோம். நல்லாருக்கு." அவ்வளவுதான். பால் லாரி ஓட்டுகிறவருக்குப் பேச்சும் அளந்துதான் வரும் போலிருக்கிறது. உன்னிடம் போனில் சொல்லலாமென்றால், "சரிக்கா, சரிக்கா" என்று இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாய். ஆகவே கடிதம். படித்துவிட்டுக் கொட்டில் கதவில் ஒட்டி வை.

ரேஸ் புத்தகத்தில் அவள் பெயர் மாலைச்சுடர். லாயத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. தீவனம் ஐந்து நிமிஷம் தாமதமானால் மூக்கால் சிணுங்க ஆரம்பித்துவிடுவாள், அதனால் சிணுங்கி. இடது முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, பின்பக்கம் தடவிப் பார். விரல் தடிமனுக்கு ஒரு நரம்பு ஓடும். கிழிசல் அதற்குள்தான். கடைசி வளைவில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் திடீரென்று தளர்ந்தாள். ஜாக்கி குதித்து இறங்கி அந்தக் காலைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். அவள் கோட்டைத் தொடுவதற்கு முன்பே எனக்குப் பக்கத்தில் நின்ற ஆள் "இது ஜெயிச்சாச்சு" என்று சொன்னார். அந்த நாக்கை என்ன செய்ய!

ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ ஆகும் என்கிறார் டாக்டர். இங்கே லாயத்தில் சிமெண்டுத் தரை, ஓயாத சத்தம். உன் வீட்டுக்குப் பின்னால் புல்வெளி சும்மா கிடக்கிறது, மாடுகளைக் கொடுத்த பிறகு கொட்டிலும் காலி. அதனால்தான் உன்னைக் கேட்டேன்.

காலையும் மாலையும் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீர் அந்தக் காலில் ஓட வேண்டும். பிறகு கட்டு. நல்ல காலுக்கும் கட்டு உண்டு, பாரமெல்லாம் அதன்மேல் விழுவதால். கையில் பிடித்துப் பத்து நிமிஷம் நடை. ஓடவிடாதே.

இனி வருவதைச் சிரிக்காமல் படி. கொட்டிலுக்குள் வலது காலை வைத்து நுழை. கேரட் ஒற்றைப்படையில் கொடு. அவளைக் கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டாதே, சுற்றிப் போ. "குணமாயிடுச்சு" என்ற சொல்லை அவள் காதுபடச் சொல்லவே கூடாது. ஒரு பச்சைக் கழுத்துத்துணி அனுப்பியிருக்கிறேன், அவள் ஜெயித்த அன்று நான் கட்டியிருந்தது. அவள் மூக்குக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடு. துவைக்காதே. அதில் என் வாசனை இருக்கிறது.

அவளுக்குப் புது ஆட்களைப் பிடிக்காது. ஒரு மாதமாவது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா


மார்ச் 12

அன்பு அக்காவுக்கு,

சின்னவள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் பார்த்தேன். பிள்ளைகள் இரண்டும் வேலைக்கென்று போன பிறகு இந்த வீட்டில் "எல்லோரும்" என்றால் நானும் அவரும்தான். இப்போது உன் குதிரையையும் சேர்த்து மூன்று பேர்.

நீ பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. இறங்கிய அன்றே வாளியிலிருந்த ஓட்ஸ் முழுவதையும் தின்றுவிட்டு என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. என்ன கனம்! நான் அசையாமல் நின்றேன். அவர் பார்த்துவிட்டு, "என்ன, உன்னை வேலிக்கம்பம்னு நெனச்சுடுச்சா?" என்றார். இந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

மாடு வளர்த்தவளுக்குக் குதிரை புதுசு. மாடு நம்மைப் பார்க்கும், ஆனால் காதில் போட்டுக்கொள்ளாது. இது இரண்டு காதையும் நம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்கிறது. தண்ணீர் பிடிக்கிற இருபது நிமிஷமும் நான் சும்மாவா நிற்க முடியும், ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறேன். நாற்பத்தேழு வயதில் எனக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறது, நடுவில் குறுக்கிடாமல் கேட்க.

கேரட் ஒற்றைப்படைதான். நாலு கொடுத்தால் ஐந்தாவதை அதுவே என் பையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஒரு விஷயம், திட்டாதே. பச்சைத் துணியைத் துவைத்துவிட்டேன். வியர்வையும் பவுடரும் பழைய சென்ட்டும் சேர்ந்து ஈ மொய்த்தது. சோப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, அதே ஆணியில் மாட்டிவிட்டேன். சாயம் போகவில்லை.

அன்புடன்
சின்னவள்


மார்ச் 21

சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன், எழுதினால் சூடாக வந்துவிடும் என்று.

முப்பது வருஷமாக ஊரிலுள்ள ஹோட்டல் படுக்கை விரிப்பெல்லாம் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிறவள் நான். அந்த ஒரு துணியை மட்டும் பதினாலு மாதம் தண்ணீரில் நனைக்காமல் வைத்திருந்தேன். உனக்குத் துவைக்க வேறு துணியா கிடைக்கவில்லை?

போகட்டும். நடந்தது நடந்துவிட்டது. ஆனால் தாடையைத் தோளில் வைக்கிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அது வலியினால் இருக்கும். டாக்டரிடம் சொல். குதிரைக்கு வலி இருந்தால் யார் மேலாவது சாயும். என்மேல் அவள் சாய்ந்ததில்லை, ஏனென்றால் என்னிடம் இருந்தவரை அவளுக்கு வலி இல்லை.

சாயங்காலம் ரோட்டில் லாரி போனால் தலையைத் தூக்கிப் பார்க்கிறாளா? லாயத்துக்குச் சனிக்கிழமை தோறும் சலவை லாரியில் நான் வருகிற நேரம் அது. பார்த்து எழுது.

அக்கா


ஜூன் 16

அன்பு அக்காவுக்கு,

டாக்டர் நேற்று ஸ்கேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலில் ரோமத்தைச் சிரைத்து, பசை தடவி, ஒரு கட்டையை வைத்து உருட்டினார். திரையில் நரம்பு சாம்பல் நிறமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு கறுப்புப் பொத்தல். "இதான் கிழிசல். மூணு மாசம் முன்னாடி இதுல என் சுண்டுவிரல் போகும், இப்ப பென்சில் போகும். செப்டம்பர்ல மறுபடி பார்ப்போம்" என்றார். நீ சொன்ன அந்தச் சொல்லை அவர் சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். என்னையும் உன் மாதிரி ஆக்கிவிட்டாய்.

நடை இப்போது அரை மணி நேரம். முன்பெல்லாம் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். இப்போது கயிறு சும்மா தொங்குகிறது, நான் நின்றால் அவளும் நிற்கிறாள். லாடம் அடிக்கிறவர் வந்தபோது காலைத் தூக்கவே விடவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்ற பிறகுதான் கொடுத்தாள். "அம்மா, நீங்க கூடவே வேலைக்கு வந்துடுங்க" என்கிறார் அந்த மனிதர்.

என் வீட்டுக்காரர் வேலி முழுவதையும் புதுசாக அடித்திருக்கிறார், நான் கேட்காமலே. சாயங்காலம் லாரியை நிறுத்திவிட்டு நேரே கொட்டிலுக்குத்தான் போகிறார், பிறகுதான் வீட்டுக்குள் வருகிறார்.

நீ கேட்டதைப் பார்த்தேன். லாரி போனால் தலையைத் தூக்குகிறாள்தான். ஆனால் மழைச் சத்தத்துக்கும் தூக்குகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயேன். எத்தனை வருஷமாயிற்று.

சின்னவள்


ஜூலை 7

சின்னவளுக்கு,

நேற்று பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. நீ கட்டிக்கொடுத்த ரொட்டியைச் சாப்பிடவில்லை, பசி இல்லை.

நான் சட்டென்று கிளம்பியதற்குக் காரணம் கேட்டாய். தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

வேலியோரம் நான் பத்து நிமிஷம் நின்றேன், தெரியுமா? கையில் ஆப்பிள். "சிணுங்கி, சிணுங்கி" என்று கூப்பிட்டேன். தலையை நிமிர்த்தினாள். பார்த்தாள். திரும்பிப் புல்லைத் தின்னப் போய்விட்டாள். இரண்டு வயதுக் குட்டியாக ஏலத்தில் நின்றபோது, அத்தனை பணக்காரர்களுக்கு நடுவில் என்னைப் பார்த்தவள் அவள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சலவைக் கடையை அடைத்துவிட்டு அவளுக்காகப் போனவள் நான். பிறகு நீ சமையலறைக் கதவைத் திறந்தாய். கூப்பிடக்கூட இல்லை. செருப்புச் சத்தம்தான். வெளியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் நடந்து வந்து உன் கழுத்தில் மூக்கை வைத்தாள்.

நீ சிரித்தாய். "அதுக்கு வாளியைத்தான் தெரியும்க்கா" என்றாய். எனக்காகத்தான் சொன்னாய் என்று தெரியும். அதுதான் இன்னும் சுட்டது. மார்ச்சில் "அது" என்று எழுதியவள் இப்போது "அவள்" என்று எழுதுகிறாய். மற்றவர் முன்னால்தான் உனக்கு அது "அது".

அம்மாவின் கடைசி ஐந்து மாதம் என் வீட்டில்தான் கழிந்தது. கஞ்சி கரைத்துக் கொடுத்தது, புரட்டிப் படுக்கவைத்தது, விரிப்பு மாற்றியது எல்லாம் நான். நீ மாதம் ஒருமுறை வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து போவாய். கடைசி வாரம் முழுவதும் என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் அவள் வாயில் வந்தது உன் பெயர். நானும் "என்னம்மா" என்று உன் பெயருக்குப் பதில் சொன்னேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உன்மேல் குற்றமில்லை. எல்லாம் தானாகவே உன் பக்கம் வந்து சாய்கிறது. நீ என்ன செய்வாய்? என்னுடையது என்று ஒரே ஒரு ஜீவனை வைத்திருந்தேன். அதையும் நானே லாரியில் ஏற்றி உன்னிடம் அனுப்பினேன்.

செப்டம்பர் ஸ்கேன் முடிந்த உடனே எழுது.

அக்கா


செப்டம்பர் 11

அன்பு அக்காவுக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியாமலே இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். அம்மா விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

ஸ்கேன் ஆயிற்று. அந்தக் கறுப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். இன்னும் மூன்று மாதமாவது இங்கேயே புல்வெளியில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்கிறார். மழைக்காலம் போகட்டும், அவசரப்பட்டால் எல்லாம் பாழ் என்கிறார். நீ கவலைப்படாதே. தீனி நன்றாக எடுக்கிறாள்.

இங்கே இவர் உன்னை விசாரித்தார்.

சின்னவள்


செப்டம்பர் 24

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மூன்று மாதம், பிறகு இன்னொரு மூன்று மாதம் என்றால் அவளுக்கு வயதாகிவிடும், ஓடவே முடியாது. பொறுக்க முடியாமல் இன்று டாக்டருக்கே போன் போட்டேன். "டாக்டர், அந்தக் கறுப்பு எவ்வளவு பெரிசு இருக்கு?" என்று கேட்டேன்.

"எந்தக் கறுப்பு?" என்றார்.

"ஸ்கேன்ல இன்னும் இருக்குன்னு சொன்னீங்களாமே."

"இல்லையே. சுத்தமா மூடிடுச்சு. மெதுவா சவாரி ஆரம்பிக்கலாம்னு உங்க தங்கச்சிகிட்ட அங்கேயே ரெண்டு தடவை சொன்னேனே. 'சரிங்க டாக்டர்'னு தலையாட்டினாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

அவர் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "சொன்னா டாக்டர், நான்தான் சரியா கேட்கலை" என்று போனை வைத்தேன். என் தங்கை பொய் சொன்னாள் என்று என் வாயால் எப்படிச் சொல்வது?

ஏன் சொன்னாய் என்று கேட்கப்போவதில்லை. வியாழக்கிழமை காலை லாரி வரும். லாயத்திலிருந்து குதிரைக்காரர் வருவார். கட்டுத்துணி, வாளி, எல்லாவற்றையும் கொடுத்தனுப்பு.

அக்கா


அக்டோபர் 2

அக்காவுக்கு,

நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் போன பிறகு நான் கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன். "குணமாயிடுச்சு" என்று அவள் காதில் நானே சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். வீட்டுக்குள் வந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். ஒரு எழுத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உன்மேல் எனக்குப் பொறாமை அக்கா. இன்று நேற்று வந்ததல்ல. எனக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நீ மாட்டேன் என்றாய், உன்னை விட்டுவிட்டார்கள். உனக்குக் கடை இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. ஊரில் "சலவைக்கார அம்மா" என்றால் தெரியும். என்னை இங்கே பால் லாரிக்காரர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். சிணுங்கி ஜெயித்த அன்று மைதானத்திலிருந்து போன் செய்தாயே, ஒலிபெருக்கி சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு. நான் பால் கேன் கழுவிக்கொண்டிருந்தேன். "சந்தோஷம்க்கா" என்றேன். கழுவின கேனையே மறுபடியும் கழுவினேன். ஒரு குதிரைகூட உனக்குத்தான் ஓடுகிறது என்று நினைத்தேன்.

அந்தக் குதிரை என் தோளில் தாடையை வைத்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல். உன்னுடையது ஒன்று என்னிடம் வந்துவிட்டது. நீ வேலியோரம் ஆப்பிளோடு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

இதற்குத் தண்டனையும் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை லாரி வந்ததும் ஏறமாட்டாள், முரண்டு பிடிப்பாள், குதிரைக்காரர் உன்னிடம் வந்து அதைச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் கயிற்றைப் பிடித்ததும் டக் டக்கென்று பலகைமேல் நடந்து ஏறிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போனதும் வைக்கோலைத் தின்னும் சத்தம் கேட்டது. இவர்தான் ரோட்டில் லாரி மறையும்வரை நின்றார்.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ மன்னிக்க வேண்டியிருக்கும். அதனால் எழுதவில்லை.

சின்னவள்


அக்டோபர் 19

கடிதம் கிடைத்தது. படித்தேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


டிசம்பர் 5

சின்னவளுக்கு,

ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன். சவாரி நன்றாகப் போகிறது. பயிற்சியாளர் திருப்தியாக இருக்கிறார். ஆனால் கட்டுப் போட இடது காலை யாருக்கும் கொடுப்பதில்லை. குதிரைக்காரரை ஒருமுறை தள்ளிவிட்டாள். எனக்கும் கொடுக்கவில்லை. நீ தண்ணீர் பிடிக்கும்போது ஏதோ பேசுவாயாமே. என்ன பேசுவாய்?

இதைக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அக்கா


டிசம்பர் 11

அக்காவுக்கு,

மாமியாரைப் பற்றிக் குறை சொல்வேன். செத்துப் பன்னிரண்டு வருஷமானாலும் தீரவில்லை. குரலை ஏற்றாமல், ஒரே சீராக, மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். காலைக் கொடுத்துவிடுவாள்.

சின்னவள்


பிப்ரவரி 20

சின்னவளுக்கு,

முதலில் ஒரு பாக்கி. எனக்கு மாமியார் இல்லாததால் ஹோட்டல் மேனேஜர்களை வரிசையாகத் திட்டினேன். மூன்றாவது மேனேஜரில் காலைக் கொடுத்தாள். நன்றி.

எட்டாம் தேதி ஓடினாள். உனக்கு அது தெரியும், நீ வந்திருந்தாய்.

அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ராசியான அதே சாம்பல் செருப்பு, எப்போதும் நிற்கிற மூன்றாவது தூண். ஓடுவதற்கு முன்னால் போட்டோ ஆகாதென்று, எடுக்க வந்தவரைத் துரத்தினேன். சிணுங்கியைச் சேணத்தோடு வட்டத்தில் நடத்தி வந்தார்கள். ரோமம் கண்ணாடி மாதிரி இருந்தது. என் முன்னால் வரும்போது நின்றாள். காதை முன்னால் விறைத்து, வாய்விட்டுக் கனைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு வருஷம் கழித்து என்னைத் தெரிந்துகொண்டாள் என்று கையைத் தூக்கப் போனேன். ஆனால் அவள் பார்வை எனக்கு மேலே போனது. திரும்பிப் பார்த்தேன். நாலு வரிசைக்குப் பின்னால் மாப்பிள்ளையின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நீ.

நீ என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னிடம் வரவில்லை. வந்திருக்கலாம்.

கடைசி வளைவுவரை முன்னால்தான் இருந்தாள். பிறகு ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பது தெரிந்தது. "காலடி மாறுச்சும்மா, அதான் விட்டுட்டேன்" என்றார். கடைசியாக நடந்து வந்தாள். மறுநாள் காலையில் கால் சுட்டது. பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் கிழிசல். நன்றாக நடப்பாள், குட்டி போடுவாள், ஆனால் இனி ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. கைதான் போகவில்லை.

இனி எழுதப்போவது எனக்கு வெட்கம். ஆனால் உனக்கு நான் பொய் எழுதினால் அது அதைவிட வெட்கம், அதுவும் அந்தச் செப்டம்பருக்குப் பிறகு.

பயிற்சியாளரே சொன்னார், "உங்க தங்கச்சி வீட்டுலதான் புல்லும் இடமும் இருக்கே, அங்கேயே விட்டுடுங்களேன்" என்று. அதுதான் சரி என்று எனக்கும் தெரியும். நீ என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வாய். மாப்பிள்ளை வேலியை இன்னும் பிரித்திருக்கமாட்டார். மூன்று நாள் யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் உன் சமையலறைக் கதவு திறக்கும் சத்தம் காதில் கேட்டது. அவள் நடந்து வருவது தெரிந்தது. சின்னவளே, என்னால் முடியவில்லை.

மலைப்பக்கம் ஒரு குதிரைப் பண்ணை இருக்கிறது. பெண் குதிரைகளைக் குட்டிக்காக வைத்திருக்கிறார்கள். நல்லவர்கள். அவளை அங்கே கொடுத்துவிட்டேன். நேற்று கையெழுத்துப் போட்டேன். இனி அவள் எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை.

கையெழுத்துப் போட்ட உடனே மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நீ என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


ஜூலை 10

அன்பு அக்காவுக்கு,

திட்டி எழுதினேன். மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. இரண்டையும் தபாலில் போடவில்லை. ஏப்ரலில் எழுதியது நன்றாக வந்திருந்தது, கிழிக்கவே மனமில்லை. அதனால்தான் இத்தனை மாதம் தாமதம்.

போன ஞாயிறு அந்தப் பண்ணைக்குப் போனேன். நீ ஊர்ப்பெயர் எழுதவில்லை. இவர்தான் பால் லாரிக்காரர்களிடம் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தார். நான் கேட்கவே இல்லை, ஒரு காகிதத்தில் வழி எழுதி மேஜைமேல் வைத்திருந்தார்.

வாசலில் வருகிறவர்கள் எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். பேனாவை எடுத்தால், என் வரிக்கு இரண்டு வரி மேலே உன் கையெழுத்து. பக்கத்தைத் திருப்பினேன். ஜூனில் இரண்டு தடவை, மே மாதம் ஒரு தடவை. முகவரிக்கு உன் கடைப்பெயர். எனக்கு ஒரு கணம் சுருக்கென்று இருந்தது, மறைக்கவில்லை. எனக்கும் உனக்கும் இல்லை என்று எழுதிவிட்டு நீ மட்டும் போய்க்கொண்டிருக்கிறாயே என்று.

பண்ணைக்கார அம்மாவோடு உள்ளே போனேன். சரிவான வெளி, பத்துப் பதினைந்து குதிரைகள். நம்முடையதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். வயிற்றில் குட்டி இருக்கிறதாம், இன்னும் தெரியவில்லை. இரண்டு குதிரைகளுக்கு நடுவில் நின்று வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். செருப்பைத் தரையில் தேய்த்துச் சத்தம்கூடச் செய்தேன். ஒரு காதைத் திருப்பினாள். அவ்வளவுதான். பிறகு பக்கத்திலிருந்த சாம்பல் குதிரையின் முதுகைப் பல்லால் சொறிந்துவிட ஆரம்பித்தாள். இடது காலை நன்றாக ஊன்றித்தான் நிற்கிறாள்.

"யாரையாவது பார்த்தா கனைக்குதாங்க?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இதையேதான் இன்னொரு அம்மாவும் கேட்டாங்க, வர்றப்பல்லாம் கேட்கிறாங்க. யாரையும் பார்த்துக் கனைக்கலைங்க, அந்தச் சாம்பல் குதிரை கண்ணுல படலேன்னாத்தான் கத்தும்."

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். ரேஸ் அன்று எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தார். அவள் கனைத்தது எனக்காகத்தான் என்று ஐந்து மாதம் அதை வைத்துக்கொண்டே வாழ்ந்தேன். ஆப்பிளை அன்றே பார்த்திருந்தேன்.

அம்மாவின் கடைசி வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பெயருக்கு நீ "என்னம்மா" என்று பதில் சொன்னாயே, அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நானாக இருந்தால் "நான் அவ இல்லம்மா" என்று திருத்தியிருப்பேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன். பஸ் உன் ஊர் வழியாகத்தான் போகிறது, ஒன்பதரைக்கு உன் கடைக்கு எதிரில் நிற்கும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன், அந்த இடத்தை விட்டுத்தரமாட்டேன். பக்கத்து இடத்தில் என் பையை வைத்திருப்பேன். நீ ஏறினால் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

உன்
சின்னவள்